ஃபார்ம் த்ரீ: ஒரே ரோட்டில் நாலு ஏணிகள்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ஆணி அதிகம். இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், அதனால டீயோ காப்பியோ கையில எடுத்துட்டு வந்துடுங்க. நடுவுல அமெரிக்காவும் வரும். உடனே "ஆன்சைட் போயிட்டு வந்துட்டான், இனிமே பீட்டர் விடுவான்"னு ஓடிடாதீங்க. கதை முடியறது என்னவோ ராஜபாளையத்துலதான் :-)

ஆபீஸ் வேலையா சில மாசம் மின்னசோட்டா மாநிலத்துல பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கிற நண்பர் நார்த்ஃபீல்டுங்கற ஊருக்குக் கூட்டிட்டுப் போனார். மினியாபோலிஸ்ல இருந்து தெற்கே கார்ல ஒரு மணி நேரம். இருபதாயிரம் பேர் இருக்கிற ஊர். நடுவுல கேனன் ஆறு. கிழக்குப் பக்கம் கார்ல்டன் காலேஜ், 1866-ல் ஆரம்பிச்சது. மேற்கே மேட்டு மேல செயின்ட் ஓலாஃப் காலேஜ், 1874. ஒண்ணுல ரெண்டாயிரம் பேர் படிக்கிறாங்க, இன்னொண்ணுல மூவாயிரம். இந்த ரெண்டுக்கும்தான் அன்னிக்கு ஃபுட்பால் மேட்ச். (காலால உதைக்கிறது இல்லைங்க. கையில தூக்கிட்டு ஓடுறது.)

எனக்கு ஆட்டம் பாதி புரியலை. நண்பர் சொன்னதுல ஒண்ணு மட்டும் நல்லாப் புரிஞ்சது. "இது மூணாம் டிவிஷன். ஆடுற ஒருத்தனுக்குக்கூட விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கிடையாது. இதுல இருந்து புரொஃபஷனலா போறவன் ஆயிரத்துல ஒருத்தன்கூட இருக்க மாட்டான்."

"அப்புறம் எதுக்கு ஆடுறாங்க?"ன்னு கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியா பார்த்தார். அவருக்கு அது கேள்வியாவே தெரியலை. நான் வளர்ந்த ஊர்ல அந்தக் கேள்விக்கு ரெண்டே வார்த்தையில பதில் உண்டு: ஃபார்ம் த்ரீ.

பெரியப்பா மகன்

என் பெரியப்பா மகன், அண்ணன், வாலிபால் ஆடுவார். நானும் ஆடுவேன்னு சொல்லிக்கலாம். ஆனா எங்க இன்ஜினியரிங் காலேஜ் டீம்ல நான் எக்ஸ்ட்ரா. தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்ததுதான் என் சாதனை. அண்ணன் அப்படி இல்லை. ஆறடி உயரம். செட்டர் பந்தைத் தூக்கிக் குடுத்தா அடுத்த பக்கம் நிக்கிறவன் ஒதுங்கிடுவான். எங்க வட்டாரத்துல ஒரு கலைக்கல்லூரியில பி.காம். படிச்சார். மூணு வருஷத்துல ரெண்டு வருஷம் அவங்க காலேஜ் மண்டலப் போட்டியில ஜெயிச்சது. யுனிவர்சிட்டி டீம் செலக்‌ஷனுக்கு ரெண்டு தடவை போனார். ரெண்டு தடவையும் பன்னிரண்டு பேர்ல இடம் கிடைக்கலை.

செலக்‌ஷன்ல யாரையும் குறை சொல்றதுக்கு இந்தப் பதிவு இல்லை. அவரைவிட நல்லா ஆடுறவங்க பன்னிரண்டு பேர் அங்க இருந்திருக்கலாம். எனக்கு உறுத்துறது வேற. அதே வருஷம், அவர்கிட்ட ஊர் மைதானத்துல தோத்துக்கிட்டே இருந்த இன்னொரு பையன், வேறொரு காலேஜ்ல படிச்ச ஒரே காரணத்தால, தென்மண்டல யுனிவர்சிட்டி போட்டியில ஆடிட்டு ஃபார்ம் த்ரீயோட வந்தான். இது எப்படின்னு புரிஞ்சுக்கத்தான் இந்த வரலாற்றையெல்லாம் தோண்டுனேன்.

அமெரிக்காவில் கோடு போட்ட கதை

அங்க காலேஜ் விளையாட்டு மாணவர்களே ஆரம்பிச்ச சமாச்சாரம். 1852-ல் ஹார்வர்டும் யேலும் ஒரு ஏரியில படகுப் போட்டி வச்சாங்க. செலவைப் பார்த்துக்கிட்டது ஒரு ரயில்வே கம்பெனி! (ஸ்பான்சர்ங்கறது ஐபிஎல்லுக்கு ரொம்ப முன்னாடியே வந்தாச்சு.) 1869-ல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஃபுட்பால். 1895 பிப்ரவரி 9-ல் மின்னசோட்டாவோட ஹாம்லின்ங்கற சின்னக் காலேஜ், பக்கத்து விவசாயப் பள்ளியோட கூடைப்பந்து ஆடுச்சு. ரெண்டு கல்லூரிகளுக்கு நடுவுல நடந்த முதல் கூடைப்பந்தாட்டம் அதுதான்னு சொல்றாங்க. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். ஹாம்லின் 9-3ன்னு தோத்துப் போச்சு.

இதுல ஒண்ணைக் கவனிங்க. எல்லா இடத்துலயும் காலேஜோட நேரா ஆடுறது இன்னொரு காலேஜ்தான். ஏன்னா அங்க ஒவ்வொரு காலேஜும் தானே பாடம் நடத்தி, தானே பட்டம் குடுக்குது.

அப்புறம் ஃபுட்பால் ரத்தக்களறியாப் போச்சு. 1905-ல மட்டும் ஆட்டத்துல அடிபட்டு பதினெட்டுப் பேருக்குக் குறையாம செத்தாங்க. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே கூப்பிட்டுப் பேச வேண்டியதாச்சு. அதோட விளைவா 1906-ல் 62 கல்லூரிகள் சேர்ந்து ஒரு சங்கம் வந்தது. 1910-ல் அதுக்கு என்சிஏஏன்னு பேர் மாறுச்சு.

ஆனா ஒரே சங்கத்துல ஐம்பதாயிரம் பேர் படிக்கிற மாநிலப் பல்கலைக்கழகமும், ரெண்டாயிரம் பேர் படிக்கிற கார்ல்டனும் எப்படி ஒத்துப் போகும்? 1956-ல் பெருசு, சின்னதுன்னு ரெண்டாப் பிரிச்சாங்க. 1973-ல் மூணாக்கினாங்க. முதல் டிவிஷன்ல முழு ஸ்காலர்ஷிப், பெரிய மைதானம், டிவி. ரெண்டாவதுல அரைகுறை ஸ்காலர்ஷிப். மூணாவதுல விளையாட்டுக்குன்னு ஒரு பைசா கிடையாது. எந்த டிவிஷன்ங்கறதை, எவ்வளவு செலவு பண்ண முடியும், எத்தனை ஆட்டங்களுக்கு டீம் வைக்க முடியும்னு பார்த்து அந்தக் காலேஜே முடிவு பண்ணும். இன்னிக்கு அதிகக் கல்லூரிகள் இருக்கிறது மூணாவதுலதான், நானூறுக்கும் மேல.

மின்னசோட்டாவுல இந்தச் சின்னக் காலேஜ்கள் 1920-லயே தங்களுக்குள்ள ஒரு கூட்டமைப்பு வச்சுக்கிட்டாங்க. பேரு மியாக். அதோட கதைகள் சுவாரசியம். 1977-ல் கார்ல்டனும் செயின்ட் ஓலாஃபும் மைதானத்தை கஜத்துக்குப் பதிலா மீட்டர்ல அளந்து ஒரு ஃபுட்பால் மேட்ச் ஆடினாங்க. யோசனை குடுத்தது ஒரு வேதியியல் பேராசிரியர். ஆட்டத்துக்கு வச்ச பேரு 'லிட்டர் பவுல்'. செயின்ட் ஓலாஃப் 43-0. மெக்காலெஸ்டர்னு இன்னொரு காலேஜ், 1974-ல் இருந்து 1980 வரைக்கும் தொடர்ச்சியா ஐம்பது ஃபுட்பால் மேட்ச் தோத்துச்சு. ஐம்பது! டீமைக் கலைக்கலை. 1980 செப்டம்பர்ல ஒரு மேட்ச் 17-14ன்னு ஜெயிச்சாங்க.

செயின்ட் ஜான்ஸ் காலேஜ்ல ஜான் கல்யார்டினு ஒரு கோச். 489 ஃபுட்பால் வெற்றிகள், நாலு தேசியப் பட்டம். 2012-ல் ஓய்வு பெற்றார். பயிற்சியில விசில் ஊத மாட்டார், ஒருத்தனை ஒருத்தன் மோதி விழுத்த விட மாட்டார், ஆட வர்றேன்னு சொன்ன யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார். கடைசி விஷயத்தைப் படிச்சப்போ எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

அங்கயும் எல்லாம் பாலும் தேனும் இல்லை. 2017-ல் அதே மியாக்ல செயின்ட் தாமஸ், செயின்ட் ஓலாஃபை 97-0ன்னு அடிச்சது. செயின்ட் தாமஸ் மத்தவங்களைவிட ரெண்டு மடங்குக்கும் மேல பெருசு. 2019-ல் மத்த காலேஜ்கள் சேர்ந்து "நீங்க எங்களுக்குச் சரிப்பட்டு வர மாட்டீங்க"ன்னு வெளிய அனுப்ப முடிவு பண்ணிட்டாங்க. 1920-ல கூட்டமைப்பை ஆரம்பிச்சவங்கள்ல அதுவும் ஒண்ணு. 2021-ல் அது மூணாம் டிவிஷன்ல இருந்து நேரா முதல் டிவிஷனுக்குப் போச்சு. நியாயமா, இல்லையா? நீங்க யோசிங்க. ஆனா ஆடுறவங்களுக்குள்ள சமநிலை கெட்டுப் போச்சுன்னதும், கோட்டை அழிச்சு வேற இடத்துல போட அவங்களால முடிஞ்சது.

நம்ம ஊர்ல கோடு போட்டது யார்?

இப்போ நம்ம கதை. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களை வெள்ளைக்காரன் லண்டன் பல்கலைக்கழகம் மாதிரி அமைச்சான். பாடம் நடத்துறது காலேஜ். பரீட்சை வச்சு பட்டம் குடுக்கிறது யுனிவர்சிட்டி. இதைத்தான் 'இணைவு பெற்ற கல்லூரி'ங்கறோம்.

1925-ல் இன்டர் யுனிவர்சிட்டி போர்டு வந்தது. அது அடிப்படையில பல்கலைக்கழகங்களோட சங்கம். 1935-36-ல் ரோஹின்டன் பாரியா கோப்பைன்னு பல்கலைக்கழகங்களுக்கான கிரிக்கெட் ஆரம்பிச்சது. ஆடுனது காலேஜ்கள் இல்லை, யுனிவர்சிட்டிகள். நாட்டுல பல்கலைக்கழகங்களைக் கைவிட்டு எண்ணிடலாம்ங்கற காலத்துல அது ரொம்பச் சரியான ஏற்பாடு.

அமெரிக்காவுல பெருசு, சின்னதுன்னு பிரிச்ச அதே 1956-57-ல், இங்க மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வந்தது. விளையாட்டுல சிறந்த பல்கலைக்கழகத்துக்கு. அங்க மூணாப் பிரிச்ச அதே 1973-ல், இங்க அந்த போர்டு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்னு பேர் மாறுச்சு. அதே 1973-லதான் ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரியும் ஆரம்பிச்சது. தேதிகள் ஒத்துப் போறது தற்செயல்தான். ஆனா அவங்க கோட்டை மாத்தி மாத்திப் போட்டப்போ நாம பெயர்ப் பலகையை மட்டும் மாத்தினோம்ங்கறது தற்செயல் இல்லை.

எங்க பக்கத்துல இது எப்படி நடந்ததுன்னா, 1947-ல் விருதுநகர்ல செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தப்போ எங்க ஜில்லா சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கீழே. யுனிவர்சிட்டி டீம்ல இடம் வேணும்னா சென்னைப் பையன்களோட மோதணும். 1963-ல் சிவகாசியில அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் ஏணி கொஞ்சம் கிட்ட வந்தது. 1978-ல் அதுக்குக் காமராசர் பேர். 1990-ல் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கமெல்லாம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு. ஒவ்வொரு தடவையும் கோடு மாறினதுக்குக் காரணம் நிர்வாகமும் பரீட்சையும். விளையாட்டு அது பின்னாடியே வால் மாதிரி போச்சு.

ஒரே ரோடு, நாலு ஏணி

ராஜபாளையத்துல பஸ் ஏறி மதுரை ரோட்டுல வாங்க. பன்னிரண்டு கிலோமீட்டர்ல ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோவில் கோபுரம் தூரத்துலயே தெரியும். பால்கோவா வாங்கிக்கிட்டு இன்னும் கொஞ்சம் போனா கிருஷ்ணன்கோவில். மொத்தம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள்ள நாலு கல்வி நிலையங்களைப் பாருங்க.

ஒண்ணு, ராஜூக்கள் கல்லூரி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோட இணைவு பெற்றது. அங்க படிக்கிற வாலிபால் ஆட்டக்காரன் முதல்ல மண்டலம், அப்புறம் மண்டலங்களுக்கு இடையே, அப்புறம் செலக்‌ஷன். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர்னு நாலு மாவட்டத்துக் கல்லூரிகளோட போட்டி போட்டு, பன்னிரண்டு பேர்ல ஒருத்தனா வரணும்.

ரெண்டு, ராம்கோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, 2013-ல் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கீழே. இங்க நிலைமை இன்னும் மோசம். மாநிலம் முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட இன்ஜினியரிங் காலேஜ்கள். அத்தனைக்கும் சேர்த்து தென்மண்டலத்துக்குப் போறது ஒரே ஒரு டீம். (ஒரே சர்வர்ல நானூறு கிளையன்ட் லோடு. எங்க ஆபீஸ்ல இப்படி டிசைன் பண்ணுனா மேனேஜர் கூப்பிட்டுக் காய்ச்சிடுவார்.)

மூணு, பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக், 1963. பாலிடெக்னிக் எந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளயும் வராது. அவங்களுக்குத் தனியா பாலிடெக்னிக்களுக்கு இடையிலான தடகளச் சங்கம், தனிப் போட்டிகள். எவ்வளவு நல்லா ஆடினாலும் யுனிவர்சிட்டிப் போட்டிக்கு அங்க இருந்து வழியே இல்லை.

நாலு, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். 1984-ல் இன்ஜினியரிங் காலேஜா ஆரம்பிச்சப்போ மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குக் கீழே. 2001-ல் இன்ஜினியரிங் காலேஜ்கள் எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனப்போ இதுவும் போச்சு. 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. இப்போ அதுவே ஒரு யுனிவர்சிட்டி. தன் டீமை நேரா தென்மண்டலத்துக்கு அனுப்பலாம். அதே மைதானம், அதே நெட், அதே மலைக்காத்து. இருபத்திரண்டு வருஷத்துல மூணு ஏணி மாறிடுச்சு. விளையாட்டுக்காக ஒரு தடவைகூட இல்லை.

அவங்க மேல தப்பே இல்லை. தகுதி வந்தது, போனாங்க. நான் சொல்ல வர்றது, இந்த நாலு இடத்துப் பசங்களும் அதிகாரபூர்வமா ஒரே வரிசையில நின்னு ஆடறதுக்கு இங்க மேடையே கிடையாது. ஊர்ல நடக்குற நினைவுக் கோப்பை டோர்னமென்ட்லதான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க. நார்த்ஃபீல்டுல ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலேஜ்தான் பரம வைரி. நம்ம ரோட்டுல பக்கத்துக் காலேஜ் வேற கிரகம்.

காகிதத்தின் மதிப்பு

சரி, ஆடினோமா, ஜெயிச்சோமான்னு போக வேண்டியதுதானே? இங்கதான் ஃபார்ம் த்ரீ வருது.

1980-ல் மத்திய அரசு, விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கிறதுக்கு ஒரு ஆணை போட்டது. அதுல சான்றிதழுக்குத் தனித்தனிப் படிவங்கள். நாட்டுக்காக ஆடினா ஒண்ணாம் படிவம். மாநிலத்துக்காக தேசியப் போட்டியில ஆடினா ரெண்டு. பல்கலைக்கழகத்துக்காக இன்டர் யுனிவர்சிட்டியில ஆடினா மூணு. பள்ளிகளுக்கான தேசியப் போட்டின்னா நாலு.

காலேஜுக்காக ஆடினா? படிவமே இல்லை. மண்டலத்துல கோப்பை ஜெயிச்சாலும், இன்டர் காலேஜியேட்ல சிறந்த ஆட்டக்காரன் பரிசு வாங்கினாலும், அந்தக் கணக்குல அது பூஜ்யம். ரயில்வே, மத்திய போலீஸ் படைகள்னு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போறவங்களுக்கு அந்த ஒரு காகிதம்தான் வாசல் கதவு. எங்க பக்கம் சாயங்காலம் வாலிபால் கோர்ட்ல நிக்கிற பத்துப் பேர்ல எட்டுப் பேர் மனசுல அதுதான் ஓடும். அமெரிக்க நண்பருக்கு என் கேள்வி புரியாததுக்கும், எனக்கு அவர் பதில் புரியாததுக்கும் காரணம் இதுதான்.

இதோட பின்விளைவு என்னன்னா, நல்லா ஆடுற பையனைப் பிளஸ் டூ முடிக்கும்போதே ஃபீஸ் இல்லாத சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடுன்னு தனியார் பல்கலைக்கழகங்கள் கூட்டிட்டுப் போயிடும். அந்தப் பையனுக்கு அது நல்லதுதான், மறுக்கலை. நம்ம ஊர்லயும் டிவிஷன் வந்தாச்சு, யாரும் அறிவிக்கலை, அவ்வளவுதான். ஆனா முதல் டிவிஷனுக்கு மட்டும்தான் காகிதம் எளிதாக் கிடைக்கும். மூணாம் டிவிஷனுக்கு வெறும் கைதட்டல்.

அமெரிக்காவைக் காப்பி அடிக்கச் சொல்லலை. கார்ல்டன்ல ஒரு வருஷ ஃபீஸ் அறுபதாயிரம் டாலருக்கு மேல. சந்தோஷத்துக்காக மட்டும் ஆடறது அவங்களுக்குக் கட்டுபடியாகும். நம்ம பசங்களுக்கு ஆகாது. ஆனா இணைவு பெற்ற காலேஜ்கள் அதிகமா இருக்கிற பல்கலைக்கழகம் ஒண்ணுக்கு மேற்பட்ட டீம் அனுப்பலாம்னு ஒரு விதி வந்தா என்ன? மண்டலங்களுக்கு இடையிலான போட்டியில ஜெயிச்ச காலேஜ் டீமுக்கும் ஒரு படிவம் இருந்தா என்ன? கோடு போட்டது மனுஷங்கதானே.

கடைசியா

அன்னிக்கு நார்த்ஃபீல்டு மைதானத்துல இருந்து அண்ணனுக்கு வாட்ஸப்ல வீடியோ கால் போட்டேன். இங்க ராத்திரி. அவர் இப்போ சத்திரப்பட்டியில ஒரு பேண்டேஜ் துணி தறிக்கூடத்துல சூப்பர்வைசர். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல சின்னப் பசங்களுக்கு வாலிபால் சொல்லிக் குடுக்கிறார். காசு வாங்கறதில்லை.

கேமராவைத் திருப்பி மைதானத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம பார்த்தார்.

"நல்ல புல்லுடா தம்பி. இதுல ஜெயிச்சா என்ன சர்டிபிகேட் குடுப்பாங்க?"

"ஒண்ணும் கிடையாதுண்ணே. ஒரு கோப்பை. அதுவும் அடுத்த வருஷம் தோத்தா திருப்பிக் குடுக்கணும்."

"அப்புறம் எதுக்குடா ஆடுறானுங்க?"

"நீங்க இப்ப எதுக்குண்ணே ஆடுறீங்க?"

சிரிச்சார். "காலையில ஷிப்ட் இருக்கு, வைக்கிறேன்"னு வச்சிட்டார்.

டிஸ்கி: உங்க ஊர் மைதானத்துலயும் இப்படி ஒரு அண்ணன் கட்டாயம் இருப்பார். முடிஞ்சா அவர் கதையை ஒரு பதிவாப் போடுங்க. படிக்கக் காத்திருக்கேன்.